அறிவியல் அகப்பை: ஒரு திருத்தம்

திண்டிவனம்
4.2.1996

அன்புத் தம்பி சவுரிராயனுக்கு அக்கா லூசியா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் நான், உன் மாமா, வெனிலா மூவரும் சுகம். ஞானமேரிக்கு வாந்தி நின்றதா? ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருக்கிறது. தண்ணீர்க் குடத்தைத் தொட விடாதே.

வீட்டு விலாசத்துக்குப் பதில் போடாதே. நான் தையல் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு விலாசத்துக்கே போடு. உன் மாமாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கோயில் மாத இதழில் நீ எழுதுகிற 'அறிவியல் அகப்பை'யில் நிலைமம் என்றால் என்னவென்று விளக்கப் போனாய். "டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் என் அக்காள் வீட்டுக்காரர் ஞாயிறு காலை பாயில் கிடப்பார். வெளியிலிருந்து ஒரு விசை, அதாவது என் அக்காள், உதைத்தால் ஒழிய அசைய மாட்டார். இதுவே நிலைமம்" என்று எழுதித் தொலைத்தாய். டெப்போவில் இப்போதும் அவரை "இன்னா நிலைமம், எய்ந்துட்டியா?" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். "உன் தம்பி வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது" என்பதில் உறுதியாக இருக்கிறார். அதைப் படித்த அன்று நானும் அவர் எதிரிலேயே சிரித்துவிட்டேன். அதுதான் அவருக்கு ரொம்பக் குத்திவிட்டது.

இப்போது எனக்கொரு உதவி வேண்டும். வெனிலாவின் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொற்களுக்கு எளிய விளக்கம் எழுதி நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார்கள். யூரியா, கிரியேட்டினின் இரண்டும் ரத்தத்தில் இருக்குமாம். யூரியாவைச் சவுக்குத் தோப்புக்காரர்கள் மூட்டையில் வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அது ரத்தத்துக்குள் எப்படி வந்தது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்,
லூசியா

*

விழுப்புரம்
15.2.1996

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டேன். ஞானமேரிக்கு வாந்தி நின்று பசி ஆரம்பித்திருக்கிறது. மல்லாட்டையை வேக வைத்து வைத்தால் தோலோடு தின்றுவிடுவாள் போலிருக்கிறது. மாமாவிடம் என் சார்பில் சொல்ல ஒன்றும் இல்லை. அறிவியலுக்காக ஒரு மனிதர் கொஞ்சம் பெயர் வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

நோட்டுக்கு எழுதிக்கொள். நாம் தின்கிற பருப்பு, மீன், கறியெல்லாம் உடம்பில் எரிந்தபின் மிஞ்சுகிற சாம்பல்தான் யூரியா. வயலுக்குப் போடுகிற யூரியாவும் இதுவும் ஒரே ஆள். மூட்டையில் இருந்தால் உரம், ரத்தத்தில் சேர்ந்தால் பேஜாரு. கிரியேட்டினின் என்பது தசைகள் வேலை செய்துவிட்டுத் தெருவில் கொட்டுகிற குப்பை. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு விழும். சிறுநீரகம்தான் நகராட்சிக் குப்பை வண்டி. வண்டி ஒழுங்காக வந்தால் ரத்தப் பரிசோதனைக் கணக்கில் குப்பை ஒன்று, ஒன்றேகாலுக்கு மேல் நிற்காது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்ப்பது, தெருமுனையில் நின்று குப்பையைப் பார்த்து வண்டி வந்ததா வரவில்லையா என்று கண்டுபிடிக்கிற வேலை.

சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது. வேறு சொல் இருந்தாலும் அனுப்பு.

தம்பி,
சவுரி

*

திண்டிவனம்
10.3.1996

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். குப்பை வண்டியைப் படித்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் படித்தவர்கள் அரை மணி நேரம் பேசியும் புரியாதது உன் நாலு வரியில் புரிந்துவிடுகிறது. வெனிலாவுக்குப் புரிந்துவிடுகிறது என்று சொல்ல வந்தேன்.

தவக்காலத்துக்கு நீ என்ன ஒறுத்தல் எடுத்திருக்கிறாய்? சுருட்டை விட்டாயா? நான் இந்த வருஷம் உப்பை விட்டேன். உன் மாமாவும் அதிசயமாக என்னோடு சேர்ந்து உப்பில்லாமல் தின்கிறார். தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்துவிட்டோம். கால் சோம்பேறியாகிவிட்டது, மிதிக்க மாட்டேன் என்கிறது.

வெனிலா கேட்கிறாள்: ஒன்றேகால் இருக்க வேண்டிய இடத்தில் ஆறரை இருந்தால் என்ன அர்த்தம்? எடிமா என்றால் என்ன?

லூசியா

*

விழுப்புரம்
22.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். சுருட்டை விடவில்லை. ஆண்டவர் அதைக் கேட்கவும் இல்லை.

ஆறரையா! வெனிலாவின் டீச்சர் கணக்கைப் பெரிதாகப் போடுகிறவர் போலும். ஆறரை என்றால் குப்பை வண்டிக்காரன் ஸ்ட்ரைக் பண்ணவில்லை, வண்டியை விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டான் என்று அர்த்தம். தெருவில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜபமாலை சொல்ல வேண்டியதுதான்.

எடிமா என்பது வெளியேற வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடுவது. கடைசி பஸ் வராவிட்டால் ஜனம் எங்கே போகும்? பஸ் ஸ்டாண்டிலேயே குந்திக்கொள்ளும். உடம்புக்குக் கால்தான் பஸ் ஸ்டாண்டு. வீங்கின இடத்தில் விரலை அழுத்தி எடுத்தால் கேப்பைக் களியில் விரல் வைத்த மாதிரி குழி நிற்கும்.

இதையெல்லாம் அகப்பையில் போடப்போகிறேன். வழக்கம்போல் கடைசி வரியில் கேள்வி கேட்டவர் பெயரும் ஊரும் வரும். முதல் தடவையாக உன் பெயர் அச்சில் வரப்போகிறது. ஒரு கிலோ திருக்கை மீன் வாங்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு. ஓ, மாமா இருக்கிறாரே. மீனை அனுப்பிவிடு.

சவுரி

*

திண்டிவனம்
28.4.1996

அன்புத் தம்பிக்கு,

ஈஸ்டர் வாழ்த்து தாமதமாக வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. இங்கு சுகம்தான். பெயரைப் போடாதே. 'ஒரு வாசகி' என்று போடு. உன் மாமா படிப்பார், அப்புறம் எழுதுகிற வழியும் அடைபட்டுவிடும்.

கேப்பைக் களியில் விரல் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான்.

எனக்கு வேலை அதிகம். செவ்வாயும் வெள்ளியும் நூலும் லைனிங் துணியும் எடுக்கப் பாண்டிச்சேரிக்குப் போகிறேன். விடிகாலை பஸ் ஏறினால் திரும்பும்போது விளக்கு வைத்துவிடுகிறார்கள். பண்டிகை முடிந்தும் உப்புப் போட்டுச் சாப்பிடத் தோன்றவில்லை. பழகிவிட்டது.

இவைதான் கடைசிச் சொற்கள் என்று நினைக்கிறேன். டயாலிசிஸ். அப்புறம், சிறுநீரகத்தை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு வைக்கிறார்களாமே, அதில் பொருத்தம் பார்ப்பது என்றால் என்ன? யார் கொடுக்கலாம்? கொடுத்தவருக்குப் பிறகு என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் நன்றாக விளக்கமாக எழுது, தம்பி. இதற்குத்தான் மார்க் அதிகமாம்.

ஞானமேரிக்கு என் முத்தம். எத்தனாம் தேதி சொல்லியிருக்கிறார்கள்?

லூசியா

*

விழுப்புரம்
12.5.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூன் பத்துக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் எனக்குத்தான் வரவில்லை, அவள் நன்றாகக் குறட்டை விடுகிறாள்.

டயாலிசிஸ்: ஊரை விட்டுப் போன குப்பை வண்டிக்குப் பதிலாக வாடகை வண்டி. ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஒரு மெஷினில் வடிகட்டி, திரும்ப உள்ளே விடுவார்கள். நாலு மணி நேரம் கை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை.

பொருத்தம்: நம் சபையில் ஜாதகம் பார்ப்பதில்லை. ஆனால் இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் பாதிரியாரே வந்தாலும் பொருத்தம் பார்க்காமல் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க முடியாது. புது உறுப்பைப் பார்த்து உடம்பு 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்கும். அந்நியம் என்று தெரிந்தால் அடித்து விரட்டும். கூடப்பிறந்தவர்களுடையது என்றால் நாலில் ஒருவருக்கு முழுப் பொருத்தமே அமையும். பங்காளிச் சண்டை உடம்புக்குத் தெரியாது பார்!

கொடுத்தவர் கதி என்ன? இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டால் என்ன கதியோ அதுதான். சமதரையில் ஓடும். கூட்டேரிப்பட்டு மேட்டில் ஏறும்போது தெரியும் சேதி. அதற்கப்புறம் அவர் பஞ்சு மூட்டையைக்கூடத் தூக்க முடியாது, பெற்ற பிள்ளையைத் தோளில் வைக்க முடியாது. வண்டி எந்தத் திருப்பத்தில் குடை சாயுமோ என்று பாதிரியாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

ஞானமேரி இதைப் படித்துவிட்டு, "இன்னாங்க இது, பயமுறுத்திக்கினு? புஸ்தகத்துல இப்பிடியா போட்டிருக்கு?" என்கிறாள். புத்தகத்தில் எதுதான் ருசியாகப் போட்டிருக்கிறது? மாட்டு வண்டி எனக்கே பிடித்துவிட்டது. இந்த மாத இதழுக்கும் அதையே அனுப்பிவிட்டேன்.

சவுரி

*

திண்டிவனம்
30.6.1996

அன்புத் தம்பிக்கு,

அந்தோணியார் திருநாளன்று பிறந்த பிள்ளைக்கு ஆண்டோ என்று பெயர் வைத்தது நல்லது. தாயும் பிள்ளையும் சுகம் என்று அறிந்து முழங்காலில் நின்று அழுதேன். அப்புறம் எழுந்திருக்க உன் மாமா கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஞானஸ்நானத்துக்கு என்னால் வர முடியாது. கோபப்படாதே. என் கையால் தைத்த அங்கியை அனுப்பியிருக்கிறேன். கழுத்துப் பட்டியில் தையல் கொஞ்சம் கோணலாக இருக்கும். ஞானமேரி பிரித்துத் தைத்துக்கொள்ளட்டும். இருபது வருஷத்தில் நான் கோணலாகத் தைத்தது இதுதான் முதல் தடவை. உள்பக்கம் இரண்டு அங்குலம் தாராளமாக மடித்துவிட்டிருக்கிறேன். பிள்ளை வளர்ந்தால் பிரித்து நீட்டிக்கொள்ளலாம்.

வெனிலாவின் நோட்டு முடிந்தது. உன் மாட்டு வண்டி நன்றாகப் புரிந்தது, தம்பி. இனி ஒரு சொல்லும் கேட்க மாட்டேன்.

பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வா. ஒரு நாளும் கீழே இறக்காதே.

லூசியா

*

விழுப்புரம்
11.8.1996

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட மனம் வரவில்லை. அத்தை இடத்தில் யாரும் இல்லாமல் என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஒரு மனுஷன் ஒரு சிரிப்புக்காக இவ்வளவு காலம் பகை வைத்திருப்பாரா?

ஆனால் நான் எழுத வந்தது வேறு. போன வாரம் வளவனூரில் ஒரு கல்யாணத்தில் வெனிலாவைப் பார்த்தேன். இளைத்துப்போயிருந்தாள். "நோட்டுக்கு எத்தனை மார்க் போட்டார்கள்?" என்றேன். "எந்த நோட்டு மாமா? நான் காமர்ஸ் குரூப்பாச்சே" என்றாள். அப்புறம் முகம் மாறி, சாப்பிடாமலேயே எழுந்து போய்விட்டாள்.

அக்கா, யாருக்காகக் கேட்டாய்? மாமாவுக்கா? அவர் உன்னோடு சேர்ந்து உப்பை விட்டதாக எழுதியிருந்தாயே, அதை இப்போதுதான் கவனித்தேன். அவருக்கென்றால் மறைக்காதே. நான் வந்து காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். இதழிலேயே கேட்கிறேன்.

சவுரி

*

திண்டிவனம்
25.8.1996

அன்புத் தம்பிக்கு,

உன் மாமா கல் மாதிரி இருக்கிறார். பயப்படாதே.

நோட்டு என்று சொன்னது பொய்தான். போன மாதமே பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். என்னிடம் தையல் கற்க வரும் காந்திமதி என்ற அம்மாளுக்காகக் கேட்டேன். பிறர் நோயை எழுதக்கூடாதென்று வெனிலாவின் மேல் போட்டேன். அந்த அம்மாளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனிடம் கேட்கவே மாட்டேன் என்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

நீ இப்போது இங்கே வர வேண்டாம். உன் மாமா மனது கொஞ்சம் இளகி வருகிறது, நானே கூப்பிடுகிறேன். ஆண்டோ கவிழ்ந்து படுக்கிறானா?

லூசியா

*

விழுப்புரம்
5.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

காலாண்டுப் பரீட்சை, திருத்த வேண்டிய தாள்கள், பிள்ளைக்குச் சளி. ஆறு வாரம் போனதே தெரியவில்லை. மன்னித்துக்கொள். மாமாவுக்கு ஒன்றுமில்லை என்று எழுதினாயே, அதிலேயே நிம்மதியாகி உட்கார்ந்துவிட்டேன் என்றும் வைத்துக்கொள். ஆண்டோ கவிழ்கிறான், நிமிரத் தெரியாமல் கத்துகிறான்.

அந்தக் காந்திமதி அம்மாளிடம் சொல்: தம்பியைக் கேட்கட்டும். கேட்காமல் இருப்பது அவனுக்குச் செய்கிற உபகாரம் இல்லை, அவமானம். தம்பி என்று ஒருவன் பிறகு எதற்கு இருக்கிறான்?

இன்னொன்று. நேற்று ஒரு டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என் மாட்டு வண்டியைச் சொல்லி அவரையும் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "சார், இத அச்சுல வேற போட்டுட்டீங்களா?" என்றார். நல்ல உடம்புக்கு ஒரு சிறுநீரகமே போதுமாம். மற்றது கொஞ்சம் பெருத்து வேலையை ஏற்றுக்கொள்ளுமாம். சில மாதத்தில் மூட்டையும் தூக்கலாம், பிள்ளையையும் தூக்கலாம். எனக்கும் அது அரைகுறையாகத் தெரியும் அக்கா, வண்டி குடை சாய்ந்தால்தான் சிரிப்பு வரும் என்று சாய்த்துவிட்டேன். அந்த அம்மாள் அதைப் படித்துத்தான் பயந்திருந்தால் உடனே சொல்லிவிடு.

சவுரி

*

திண்டிவனம்
19.10.1996

மச்சான் சவுரிராயன் அவர்களுக்குப் பெரியநாயகம் எழுதுவது.

சுகம் கேட்டு எழுத இங்கே சுகம் இல்லை. அடக்கத்தன்று உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. கல்லறையில் நீங்கள் என் சட்டையைப் பிடித்து "ஏன் எனக்குச் சொல்லல?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் அக்காவுக்குச் சிறுநீரகம் போனது பிப்ரவரியிலேயே தெரியும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஏப்ரலில் மெஷின் ஏற்ற ஆரம்பித்தார்கள். நான் கொடுக்கிறேன் என்றேன், ரத்த வகை சேரவில்லை. வெனிலாவுக்குப் பதினாறு வயசுதான், அவளிடம் எடுக்க மாட்டார்கள். "கூடப்பிறந்தவர் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். உண்டு என்று நான் சொல்வதற்குள் உங்கள் அக்கா இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே விழுப்புரம் கிளம்பினேன். உங்கள் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாயால்தான் சொல்கிறேன், செருப்பைப் போட்டுவிட்டேன். அவள் கோயிலின் மே மாத இதழை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். "இதப் படிச்சுட்டு அப்புறம் போங்க. ஒம்போது வருஷம் கழிச்சு ஒரு புள்ள. அத அவன் தூக்க வேணாமா?" என்றாள். படித்தேன். நீங்கள் வாத்தியார், அச்சில் வேறு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்களிடம் போய் நிற்க வேண்டாம் என்று அவள் சொன்னது என் ரோஷத்துக்கும் தோதாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன். இதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

செப்டம்பரில், இனி மெஷினுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனேன். இந்த மாதம் ஆறாம் தேதி ஞாயிறு காலை நான் எழுந்து, அவளை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

உங்கள் ஐந்தாம் தேதிக் கடிதம் அடக்கத்துக்கு மறுநாள் தையல் வகுப்பு விலாசத்துக்கு வந்தது. வெனிலாதான் பிரித்தாள், சத்தமாகப் படித்தாள். தம்பியைக் கேட்கட்டும் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். மீதியை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். காந்திமதி என்று அந்த வகுப்பில் யாரும் கிடையாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும். தாய்மாமனாக வெனிலாவை வந்து பாருங்கள்.

பெரியநாயகம்

*

விழுப்புரம்
2.11.1996, கல்லறைத் திருநாள்

மாமா அவர்களுக்கு,

இன்று காலை ஆண்டோவைத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றினேன்.  இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்து வகை பார்த்தேன். பயன் இல்லை என்று தெரிந்தும் கொடுத்தேன். எனக்கும் அவளுடைய வகைதான். மற்றப் பொருத்தம் இனி யாராலும் பார்க்க முடியாது.

அவள் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள் மாமா. உப்பு, மோட்டார், பாண்டிச்சேரி, கோணல் தையல். ஊருக்கெல்லாம் விளக்குகிற எனக்கு விளங்கவில்லை. நான் எழுதிய பொய் ஒன்றுதான் அவளுக்கு விளங்கியது. ஞாயிறன்று வருகிறேன். என்னை உள்ளே விடுங்கள், அல்லது வாசலிலேயே வைத்து அடியுங்கள். இரண்டில் எதுவானாலும் வருகிறேன்.

அகப்பையை நிறுத்திவிட்டேன். கடைசியாக ஒன்று மட்டும் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். இதழ் வருவதற்கு முன் நீங்களும் வெனிலாவும் பார்க்க வேண்டும் என்று கீழே எழுதுகிறேன்.

"திருத்தம். மே மாத இதழில், சிறுநீரகம் கொடுத்தவர் பிறகு பிள்ளையைத் தூக்க முடியாது என்றும், அதிக நாள் இருக்க மாட்டார் என்றும் எழுதியிருந்தேன். அது தவறு. சிரிப்பதற்காக எழுதியது. நல்ல உடம்புள்ளவர் ஒரு சிறுநீரகத்தோடு வாழலாம், உழைக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால் கூடப்பிறந்தவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும் அவரே சொல்லட்டும்.

கேள்வி கேட்டவர்: லூசியா, திண்டிவனம்."

சவுரிராயன்